'ப்யூர் மார்வாரி'ன்னு சொன்னா போதுமா? குதிரைக்கு 'பேப்பர்' எப்படிக் கிடைக்குது தெரியுமா?

ரீல்ஸ்ல காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு, நுனி முட்டிக்கிட்டு நிற்கும் குதிரையைப் பார்த்திருப்பீங்க. கீழே 'ஒரிஜினல் மார்வாரி, ப்யூர் லைன்'னு கேப்ஷன். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர்ல குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தைக்குப் போனா, அதே வசனத்தை நேரிலேயே கேட்கலாம். விலை லட்சங்களில் போகும். சரி, அது ப்யூர்தான் என்று யார் சொன்னது?

காதை மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க. குஜராத்தின் சௌராஷ்டிரா பகுதியைச் சேர்ந்த கத்தியவாரி குதிரைக்கும் அதே வளைந்த காதுதான். 'நுக்ரா'ன்னு சொல்லி விலையை ஏத்துவாங்க. அது வெள்ளை நிறத்தைக் குறிக்கிற சொல். நிறம் வேற, இனம் வேற பாஸ்!

இனத்துக்கு ஆதாரம் 'ஸ்டட் புக்' எனப்படும் வம்சாவளிப் பதிவேடு. இதில் ரொம்ப கறாரானது ரேஸில் ஓடும் தரோபிரெட் இனத்தின் பதிவேடுதான். இங்கிலாந்தில் இதற்கான 'ஜெனரல் ஸ்டட் புக்' 1791-லேயே வெளிவரத் தொடங்கிவிட்டது. இன்றைய தரோபிரெட்களின் ஆண்வழி வம்சத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், டார்லி அரேபியன், பயர்லி டர்க், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

இதில் ஒரு குட்டியைப் பதிவு செய்ய, அப்பா, அம்மா ரெண்டு பேருமே அங்கீகரிக்கப்பட்ட பதிவேட்டில் இருக்கணும். டி.என்.ஏ பரிசோதனையில் பெற்றோர் இவங்கதான்னு உறுதியாகணும். முக்கியமா, இணை சேர்ந்தது நேரடியா இருக்கணும். மாட்டுக்குப் போடுற மாதிரி சினை ஊசி போட்டுப் பிறந்த குட்டிக்கு இங்கே இடமே இல்லை. கரு மாற்றம், குளோனிங் எல்லாத்துக்கும் அதே பதில்தான். சினை ஊசியை அனுமதித்தால், ஒரே ஒரு சாம்பியன் குதிரையின் வாரிசுகளே உலகம் முழுக்க நிரம்பிவிடும். பொலிக்குதிரையை வைத்து நடக்கும் பிசினஸும் படுத்துவிடும். நம்ம ஊர் தரோபிரெட்களுக்கான பதிவேடு, புனேயில் இருக்கும் இந்திய ஸ்டட் புக் ஆணையத்திடம் இருக்கிறது.

பேர் வைக்கிறதுக்கும் லிமிட் உண்டு. இடைவெளியையும் சேர்த்து 18 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. பிறந்தநாள் இன்னும் காமெடி. இந்தியா உட்பட பூமியின் வடபாதியில் எல்லா தரோபிரெட்டுக்கும் ஜனவரி 1-ம் தேதிதான் ஹேப்பி பர்த்டே. டிசம்பர் கடைசியில் பிறந்த குட்டிக்கு, சில நாள்களிலேயே கணக்குப்படி ஒரு வயசு! ரேஸில் அது தன்னைவிடப் பல மாதங்கள் மூத்த குதிரைகளோடு மோத வேண்டியிருக்கும். அதனால் டிசம்பர் குட்டியை யாரும் விரும்புவதில்லை.

பதிவேடே தடுத்த நோய்

அமெரிக்காவில் குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனம் உண்டு. 1969-ல் பிறந்த 'இம்ப்ரசிவ்' என்ற குதிரை, பாடிபில்டர் மாதிரி இருக்கும். ஷோக்களில் ஜெயித்ததும் எல்லோரும் அதன் வாரிசைத்தான் கேட்டார்கள். பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. அதன் வம்சத்தில் பல குதிரைகளுக்குத் திடீர் திடீரெனத் தசை நடுக்கம் வந்தது. சில சரிந்து விழுந்தன, சில இறந்தே போயின. ஹெச்.ஒய்.பி.பி எனப்படும் மரபணுக் கோளாறு அது. இந்தக் கோளாறு தாய், தந்தை இரு பக்கமிருந்தும் இறங்கியிருந்தால், 2007 முதல் பிறந்த குட்டியைப் பதிவு செய்வதில்லை என்று அந்த இனத்தின் சங்கம் விதி போட்டது. வம்சம் எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் நோயின் தடத்தைப் பிடிக்க முடிந்தது.

அதுக்காகப் பதிவேடு என்றாலே நல்லதுன்னும் சொல்ல முடியாது. நெதர்லாந்தின் ஃபிரீசியன் குதிரைக்கு 1879-லேயே பதிவேடு வந்துவிட்டது. கறுப்பாக இருக்கணும், நெற்றியில் சின்ன வெள்ளைப் பொட்டு வரைக்கும் ஓகே, ஆண் குதிரை பல கட்டத் தேர்வுகளைத் தாண்டணும் என ஏகப்பட்ட கண்டிஷன். விளைவு, சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம், அதனால் குள்ளத்தன்மை போன்ற பரம்பரைக் கோளாறுகள். அழகுக்குக் கொடுத்த விலை ரொம்பவே அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம்ம ஊர்க் கதை

இங்கே ரெண்டு விதப் பதிவைப் பலரும் குழப்பிக்கிறாங்க. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிதி, ஜன்ஸ்காரி, பூட்டியா, கட்ச்-சிந்தி போன்ற இனங்களைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அது இனத்துக்கான அங்கீகாரம். நீங்கள் வாங்கப்போகும் தனிக் குதிரைக்கான சான்றிதழ் அல்ல.

மார்வாரியில் தனிக் குதிரைகளைப் பதிவு செய்யும் வேலை 2009-ல்தான் தொடங்கியது. பரம்பரை எழுதி வைக்கப்படாத குதிரைகள் ஏராளம் என்பதால், நேரில் பார்த்து மதிப்பிடும் முறை வந்தது. உடல் அளவுகளும் அடையாளங்களும் குறிக்கப்படும். தேறினால், குளிரூட்டிய இரும்பால் உடம்பில் பதிவு எண்ணைப் பொறித்து, போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள்.

நம்ம ஊரில் குதிரை வாங்கும்போது ராசி பார்க்கச் சுழி பார்ப்பார்கள் இல்லையா? குதிரை பாஸ்போர்ட்களிலும் சுழி எங்கே இருக்கிறது எனக் குறித்து வைப்பார்கள். அங்கே அது ராசிக்கு இல்லை, ஆள் மாறாட்டத்தைப் பிடிப்பதற்கு. பேப்பரைக் காட்டினால், அதில் உள்ள சுழி, நெற்றிப் பொட்டு, கால் வெள்ளை, பொறித்த எண் எல்லாம் முன்னால் நிற்கும் குதிரையோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மைக்ரோசிப் இருக்கிறது என்றால், கால்நடை மருத்துவரை வைத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிடுங்கள். பெற்றோர் பெயரில் சந்தேகம் இருந்தால் டி.என்.ஏ கேளுங்கள்.

இனம் எதுவாக இருந்தாலும், 'கிளாண்டர்ஸ்' இல்லை என்ற ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள். அது குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும் நோய்.