38இலிருந்து 308 வரை: ‘டபிள்’ எண்ணின் அடுக்கு எல்லை வந்த கதை



சி மொழியில் 1 முதல் 35 வரையுள்ள எண்களைப் பெருக்கி ‘ஃப்ளோட்’ மாறியில் வைத்துப் பாருங்க. விடைக்குப் பதிலாக ‘முடிவிலி’ என்று வரும். ‘டபிள்’ மாறியில் 170 வரை போகலாம்; 171இல் அதுவும் கைவிரித்துவிடும். இந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன?

1985 வரை இதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் பிட்டுகளைப் பங்கு போட்டது. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360, அடிமானமாக 16ஐ எடுத்துக்கொண்டது. டெக் நிறுவனம் 1977இல் வெளியிட்ட வாக்ஸ் கணினியில், 32 பிட் எண்ணில் அடுக்குக்கு 8 பிட். 64 பிட் எண்ணிலும் அதே 8 பிட்தான்! கூடுதல் பிட்டுகள் எல்லாம் துல்லியத்துக்கே போயின. ஆகவே எண் இரு மடங்கு நீண்டும், எல்லை 10இன் 38ஆம் அடுக்கைத் தாண்டவில்லை. 34 வரை பெருக்கினாலே அது நிரம்பி வழிந்துவிடும்.

அதே காலத்தில் இன்டெல் நிறுவனம் தன் 8087 சில்லுக்காகப் பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கேகனின் ஆலோசனையை நாடியது. அவர் பங்கெடுத்த முன்மொழிவே பல ஆண்டு வாதத்துக்குப் பிறகு 1985இல் ஐஇஇஇ 754 தரநிலையாக ஏற்கப்பட்டது. அதில் ‘டபிள்’ எண்ணின் அடுக்குக்கு 11 பிட். கேகனுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 11 பிட்டில் 2048 வடிவங்கள் உண்டு. எல்லாம் 0 ஆன வடிவம் சுழியத்துக்கும் மிகச் சிறிய எண்களுக்கும். எல்லாம் 1 ஆன வடிவம் முடிவிலிக்கும் ‘எண் அல்லாதது’ என்பதற்கும். இவை இரண்டும் போக மீதி 2046. அதனால் அடுக்கு −1022 முதல் 1023 வரை. 2இன் 1023ஆம் அடுக்கு என்றால், பத்தடிமானத்தில் ஏறக்குறைய 10இன் 308ஆம் அடுக்கு.

மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சி மொழியில் ‘டிபிஎல்_மேக்ஸ்_எக்ஸ்ப்’ என்பதை அச்சிட்டால் 1023 வராது, 1024 வரும். பிழை இல்லைங்க. ஐஇஇஇ எண்ணை 1க்கும் 2க்கும் இடையே எழுதுகிறது. சி மொழி அதையே அரைக்கும் 1க்கும் இடையே எழுதுகிறது. முன்பகுதி பாதியானால் அடுக்கு ஒன்று கூடத்தானே வேண்டும்? அதனால்தான் கீழ் எல்லையும் −1022க்குப் பதிலாக −1021 ஆகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 1989இல் வந்த சி தரநிலை, ‘டபிள்’ 10இன் 37ஆம் அடுக்கை எட்டினால் போதும் என்றே கேட்டது. வாக்ஸ் போன்ற கணினிகளும் அதற்குள் அடங்கின. எனவே 308 என்பது சி மொழி தரும் வாக்குறுதி அல்ல. கணினியின் தரநிலை தருவது. நிரல் எழுதும்போது 308 என்று நேரடியாக எழுதாமல், ‘ஃப்ளோட்.எச்’ கோப்பில் உள்ள பெயரையே பயன்படுத்துங்கள்.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி: ‘ஃப்ளோட்’ எண்ணின் அடுக்குக்கு 8 பிட். அப்படியானால் சி மொழி காட்டும் மேல் எல்லை 127ஆ, 128ஆ? காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.