இரட்டைப்பதிவு யாருடையது? ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கீடு படிக்கிறவர்கள், படிப்பிக்கிறவர்கள், பிள்ளையை வர்த்தகப் பிரிவில் சேர்த்திருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் உயர்தர மாணவர்களுக்காகக் கணக்கீட்டின் வரலாறு பற்றி இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்தேன். இரட்டைப்பதிவு முறையைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்கள், இத்தாலியர்கள் அதைக் களவெடுத்து லூக்கா பசியோலியின் பெயரில் போட்டுக்கொண்டார்கள் என்று அதில் ஒரு பந்தி இருந்தது. எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டால், வட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்திதான். கலாசாலையில் "மூலம் என்ன?" என்று எங்களைப் போட்டு வாட்டிய விரிவுரையாளர் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. விஷயம் நன்றாக இருந்தது, மனசுக்கும் இதமாக இருந்தது, எழுதிவிட்டேன்.

போன தவணை ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், களவெடுத்தாங்க என்றால் களவுபோன கொப்பி எங்க இருக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். பதில் தெரியவில்லை. அதன்பிறகு இரவுகளில் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பசியோலி. பாடப்புத்தகம் அவரைக் கணக்கீட்டின் தந்தை என்கிறது. அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கணித ஆசிரியர். லியனார்டோ டா வின்சிக்கே கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1494இல் வெனிஸில் அச்சான அவருடைய பெரிய கணித நூலின் ஒரு பகுதிதான் கணக்கேடு பற்றியது. அதில் அவர் எதையும் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லவே இல்லை. வெனிஸ் வியாபாரிகள் எழுதுகிற முறையை விளக்குகிறேன் என்றுதான் சொல்கிறார். அவருக்கு முன்னரே, 1458இல், ரகூசா ஊரவரான பெனடெட்டோ கொத்ருல்யி வியாபாரம் பற்றிய தன்னுடைய நூலில் இந்த முறையைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். ஆனால் அது அச்சேறியது 1573இல்தான். அச்சு யாருக்கு முதலில் வாய்த்ததோ அவர் தந்தையாகிவிட்டார். ஆகவே பசியோலி யாரிடமும் களவெடுக்கவில்லை. களவெடுத்தவர் எந்த முறை யாருடையது என்று முதல் பக்கத்திலேயே சொல்லமாட்டார்.

அப்படியானால் அந்த முறை எவ்வளவு பழையது? இங்கே இரட்டைப்பதிவு என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். வந்ததையும் போனதையும் எழுதினால் அது இரட்டைப்பதிவு ஆகாது. நாளாந்தம் எழுதினாலும் ஆகாது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒரு கணக்கில் வரவாகவும் இன்னொன்றில் செலவாகவும் அதே தொகையில் விழ வேண்டும். (தமிழ்நாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். நாம் வரவு என்பதை அவர்கள் பற்று என்பார்கள், நாம் செலவு என்பதை வரவு என்பார்கள். ஒரே மொழிக்குள்ளேயே இந்தக் கூத்து.) ஆட்களின் கணக்குகள் மட்டுமன்றி வாடகை, செலவினம், இலாபம், மூலதனம் எல்லாம் ஒரே வலைக்குள் வந்து, கடைசியில் இரண்டு பக்கமும் சமப்பட வேண்டும்.

இந்த வரையறையை ஓரளவு முழுமையாக நிறைவேற்றுகிற, இன்று கையில் இருக்கிற மிகப் பழைய ஏடு, ஜியோவானி பரோல்பி கம்பனியின் பேரேடு. பிளோரன்ஸ் வியாபாரிகள் தென் பிரான்ஸில் நடத்திய கிளையில் 1299-1300 காலத்தில் எழுதப்பட்டது. ஜெப்ரி லீ என்ற ஆய்வாளர் 1977இல் அதைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான்கு வருட வாடகையை முற்கூட்டியே கட்டியிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்குரியதை மட்டும் அந்த வருடச் செலவாகக் காட்டி, மீதியை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். நாங்கள் இன்றைக்கும் பரீட்சையில் செம்மையாக்கம் என்று கேட்டுப் பிள்ளைகளை அழவைக்கிற அதே முற்கொடுப்பனவு, எழுநூறு வருடத்துக்கு முன்னர்.

இப்போது எங்கள் பக்கத்து வழக்குக்கு வருவோம். வட்ஸ்அப் செய்தி முழுக்கக் காற்றில் பிறந்ததல்ல. 2000ஆம் ஆண்டு ஒமர் அப்துல்லாஹ் ஸைத் என்ற ஆய்வாளர் கணக்கீட்டு வரலாற்றுக்கான ஆய்வுச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இத்தாலியக் கணக்கேடுகளுக்கு முன்னோடி இஸ்லாமிய அரசுகளின் ஏடுகளா என்பதுதான் அவர் கேள்வி. ஏட்டின் தலைப்பில் இறைவன் பெயரை எழுதும் வழக்கம் இரு பக்கமும் இருக்கிறது, இத்தாலியர்கள் 'ஜோர்னாலே' என்கிற ஏட்டுக்கும் அரபியில் 'ஜரீதா' என்பதற்கும் தொடர்பு இருக்கிறது, மத்தியதரைக்கடல் வியாபாரத்தின் வழியே இவை போயிருக்கலாம் என்று வாதாடினார்.

அடுத்த வருடமே அதே சஞ்சிகையில் பிரித்தானியப் பேராசிரியர் கிறிஸ்டோபர் நோப்ஸ் மறுப்பு எழுதினார். ஸைத்தும் பதில் எழுதினார். நான் ஸைத்தின் பக்கம் நின்றுகொண்டுதான் வாசிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது அப்படி நிற்க முடியவில்லை. ஸைத் காட்டுகிற ஏடுகள் ஒழுங்கானவை, நுணுக்கமானவை. ஆனால் அவற்றில் எங்குமே இரட்டைப்பதிவு இல்லை. இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குவது முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான வழக்கம், அதற்கு ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கவேண்டியதில்லை. 'ஜோர்னாலே' நாள் என்ற சொல்லில் இருந்து வந்தது. 'ஜரீதா' உரித்த ஈச்சமட்டையைக் குறிக்கும் வேரில் இருந்து வந்தது.

இலக்கங்களாவது நாங்கள் கொடுத்தோமே என்று ஒரு ஆறுதல் தேடினேன். அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. பீசா நகரத்து பிபனாச்சி, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள புஜாயா துறைமுகத்தில், தகப்பனோடு இருந்த சின்ன வயதில் இந்த இலக்கங்களைக் கற்று 1202இல் நூல் எழுதியது உண்மை. ஆனால் பிளோரன்ஸ் நாணயமாற்றுக்காரர் சங்கம் 1299இல் கணக்குப் புத்தகத்தில் அந்த இலக்கங்களைப் பாவிக்கக்கூடாது என்று தடை போட்டது. ஆரம்பகால இத்தாலியப் பேரேடுகளில் தொகைகள் உரோம இலக்கத்தில்தான் இருக்கின்றன. இரட்டைப்பதிவு பிறந்த வீட்டில் அந்த இலக்கங்களுக்கு அப்போது கதவு சாத்தியிருந்தது.

அமெரிக்க அறிஞர் லிட்டில்டன் 1927இல் ஒரு கட்டுரையில், இரட்டைப்பதிவு தோன்றுவதற்கு முன்னர் ஒரு சமூகத்தில் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்டு, எழுத்து, எண்கணிதம், தனியார் சொத்து, பணம், கடன், வணிகம், மூலதனம் என ஏழைச் சொன்னார். பக்தாத்திலும் கெய்ரோவிலும் இந்த ஏழும் இருந்தன. அல்பகறா 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கும்படி சொல்கிறது, அல்குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். ஆனால் மாவும் சீனியும் முட்டையும் வீட்டில் இருந்தது என்பதற்காகக் கேக் சுட்டோம் என்று சொல்ல முடியாதே.

எங்கள் ஆட்கள் சுட்டது வேறு பலகாரம். அதைத்தான் அந்த வட்ஸ்அப் செய்தி மறைத்துவிட்டது.

அரசாங்கப் பணத்தைக் கணக்குப் பார்ப்பதை ஒரு படிப்பாக்கி, நூலாக எழுதிவைத்தார்கள். 10ஆம் நூற்றாண்டில் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்குவாரிஸ்மி (அல்ஜிப்ரா எழுதியவர் அல்ல, அவர் வேறு) தன்னுடைய மபாதீஹுல் உலூம் நூலில் திவான்களில் பாவிக்கும் ஏடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக விளக்குகிறார். அதில் 'ரூஸ்னாமஜ்' என்ற பாரசீகச் சொல்லுக்கு நாளின் ஏடு என்று பொருள் சொல்கிறார். இத்தாலியரின் நாளேட்டுக்கு முந்திய நாளேடு அது. எகிப்தில் நிதி உத்தியோகத்தராக இருந்த அந்நுவைரி (இறப்பு 1333) தன்னுடைய கலைக்களஞ்சியத்தில், நாளாந்தப் பதிவை அடித்தளமாக வைத்து மற்றைய கணக்குகளை எப்படி எழுப்புவது என்று வேலைக்குப் புதிதாக வருகிறவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறார். ஈரானில் 1363 அளவில் அல்மாஸந்தரானி எழுதிய ரிஸாலா பலகிய்யா இன்னும் ஒரு படி மேலே. ஜேர்மன் அறிஞர் வால்டர் ஹின்ஸ் அதை 1952இல் பதிப்பித்தார். குதிரை லாயத்துக்கு ஒரு கணக்கு, கட்டட வேலைக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு, நாணயசாலைக்கு, ஆட்டு மந்தைக்கு, திறைசேரிக்கு என்று தனித்தனி முறை. நெல் வயலுக்கும் ஒன்று. எங்கள் ஊர்ப் போடியார்மார் விதைநெல், உழவுக்கூலி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கொப்பியில் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வாசிப்பு நின்றுவிட்டது.

இந்த மரபில் 'மெர்திபான்' என்றொரு முறை இருந்தது. படிக்கட்டு என்று அர்த்தம். மேலே மொத்தத்தை எழுதி ஒரு நீட்டுக்கோடு இழுத்து, அதற்குக் கீழே படிப்படியாக அதன் உட்பிரிவுகளை இறக்குவார்கள். ஒத்மானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டு வரை இதில்தான் தன் வரவுசெலவைப் பார்த்தது. வியாபாரிக்கு இலாபம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அரசுக்கு எந்த மாகாணத்திலிருந்து எவ்வளவு வர வேண்டும், யார் கையில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். கேள்வி வேறு, ஏடும் வேறு. இதில் ஒன்றை மற்றதன் குறைப்பிரசவம் என்று பார்ப்பது இரண்டுக்கும் அநியாயம்.

முஸ்லிம் வியாபாரிகளின் சொந்தக் கொப்பிகளில் இரட்டைப்பதிவு இருந்திருக்கலாம், அழிந்திருக்கலாம் என்று ஒருவர் கேட்கலாம். எது மிஞ்சியது என்பது பெரும்பாலும் தற்செயல்தான். பிராத்தோ நகர வியாபாரி தத்தினி 1410இல் இறந்தார். அவருடைய ஐந்நூறுக்கு மேற்பட்ட கணக்கேடுகளும் ஒன்றரை இலட்சம் அளவிலான கடிதங்களும் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே கிடந்து 1870இல் வெளியே வந்தன. பழைய கெய்ரோவில், இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்று யூதத் தொழுகைக்கூடத்தின் அறையில் போட்டுவைத்ததால், 11, 12ஆம் நூற்றாண்டு யூத வியாபாரிகளின் கணக்குத் தாள்கள் மிஞ்சின. மலபார்க் கரைவரை வந்து வியாபாரம் செய்தவர்களின் தாள்களும் அதில் உண்டு. அரபு மொழியில் ஹீப்ரு எழுத்தில் எழுதியவை. யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது அவற்றில் தெளிவாக இருக்கிறது, இரட்டைப்பதிவு இல்லை. பக்கத்துக் கடை முஸ்லிம் வியாபாரியின் கொப்பி எங்களிடம் இல்லை. இல்லாத கொப்பியில் என்ன இருந்தது என்று நான் வகுப்பில் சொல்ல முடியாது.

இந்த ஆசை எங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1986இல் லால் நிகம் என்ற இந்திய அறிஞர், பாஹி-காதா என்ற இந்திய வியாபாரிகளின் முறைதான் பசியோலிக்கு முந்திய இரட்டைப்பதிவு என்று எழுதினார். அதற்கும் அடுத்த வருடம் மறுப்பு எழுதியவர் இதே நோப்ஸ்தான். மனுஷனுக்கு ஓய்வே இல்லை.

அந்த மாணவனிடம் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன், கொப்பி இல்லை மகன், நான் எழுதியது பிழை என்று. "அப்ப மற்ற வகுப்புக்குப் போன நோட்ஸ், சேர்?" என்று கேட்டான். அது போட்டோகொப்பியாகி இரண்டு மூன்று ரியூசன் வகுப்புகளுக்கும் போயிருப்பது எனக்குத் தெரியும். ஆகவே, அந்தக் குறிப்பு யாரிடம் இருந்தாலும் இரண்டாம் பக்கத்தில் "களவெடுத்து" என்று வருகிற பந்தியை முழுதாக வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் அல்மாஸந்தரானியின் பெயரை எழுதுங்கள். திருத்திய குறிப்பு தேவையானவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.