பீத்துணி துவைத்த கைகள்

"உனக்குப் பீ மூத்திரம் அள்ளி வளர்த்தேன்" என்பது தமிழ் அம்மாக்களின் கடைசி அஸ்திரம். மகன் எதிர்த்துப் பேசும்போதும் வரும், மகள் ஒரு வாரம் போன் செய்யாவிட்டாலும் வரும். பால் கொடுத்ததையும் தாலாட்டியதையும் சொல்லிவிட்டு, கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். பிள்ளை வளர்ப்பில் எது உண்மையான உழைப்பு என்று அவர்களுக்குத் தெரியும்.

துணி டயப்பர் இப்போது திரும்பி வந்திருக்கிறது. புதிதாகக் குழந்தை பெற்றவர்கள் போடும் கணக்கு எளிது. ஒரு டயப்பர் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். இரண்டரை வருடத்துக்கு 54,000. அதற்குப் பதில் துணி வாங்கினால் ஒரு முறை செலவு, பிறகு துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். கணக்கு சரிதான். ஆனால் "துவைத்துத் துவைத்து" என்ற இரண்டு சொல்லுக்கு அதில் விலையே போடவில்லை. டயப்பரின் வரலாறு முழுக்க அந்த இரண்டு சொல்லைப் பற்றியதுதான்.

வேட்டியும் வெள்ளாவியும்

நம் வீடுகளில் டயப்பர் என்று தனியாக ஒரு பொருள் இருந்ததில்லை. தாத்தாவின் பழைய வேட்டி இருந்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பார்கள். அதில் சடங்கு இருக்கட்டும், பொறியியலும் இருக்கிறது. பருத்தி இழையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. புதுத்துணியில் கஞ்சியும் சேர்ந்திருக்கும். இரண்டும் ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். நூறு தடவை துவைத்த வேட்டியில் இரண்டும் இருக்காது. ஈரத்தை உடனே இழுக்கும், தோலை உரசாது, ஒற்றைத் துணி என்பதால் வெயிலில் சீக்கிரம் காயும்.

அந்தத் துணியைக்கூட நம் ஆட்கள் சிக்கனமாகத்தான் பயன்படுத்தினார்கள். அரைஞாண் கயிற்றில் செருகிய கோவணம், தூளிக்குள் ஒரு விரிப்பு, மடியில் ஒரு துண்டு. பகலில் பாதி நேரம் அதுவும் கிடையாது. பாட்டி இரண்டு காலையும் நீட்டி, பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பார். வேலை முடிந்துவிடும். துவைக்க வேண்டிய துணி குறைந்தால் உழைப்பும் குறையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, மிச்சத் துணியை யார் துவைத்தார்கள்? வீட்டுப் பெண்கள் என்பது பாதி பதில்தான். பிரசவத் துணியும், தீட்டு கழியும் வரையிலான துணியும் ஊர் வண்ணார் வீட்டுப் பெண்களிடம் போயின. பெற்றவளுக்கே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட துணியை இன்னொரு பெண் மூட்டை கட்டி ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துப் போனாள். உவர்மண்ணில் ஊற வைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, உலர்த்திக் கொண்டுவந்தாள். உவர்மண்ணில் இருக்கும் காரம் எண்ணெய்ப் பசையைக் கரைக்கும். ஆவியின் சூடு கிருமியைக் கொல்லும். அருமையான தொழில்நுட்பம். அதற்குக் கிடைத்த கூலி, அறுவடையில் கொஞ்சம் தானியம், வீடு வீடாகப் போய் வாங்கும் ராச்சோறு.

தலித் குடியிருப்புகளுக்குத் துவைத்தவர்கள் புதிரை வண்ணார்கள். சாதிப் படிநிலையில் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். 1994-இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' அப்படி ஒரு பெண்ணான ஆரோக்கியத்தின் கதை. பழைய வேட்டித் துணியை "பாட்டி காலத்து இயற்கை முறை" என்று இன்று கொண்டாடும்போது, அந்த மூட்டையைச் சுமந்தவளைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

ஊக்கும் பாராசூட்டும்

மேற்கில் சாதி கிடையாது, ஆனால் துவைக்கும் வேலை இருந்தது. 1849-இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கி, அதை 400 டாலருக்கு விற்றுவிட்டார். சதுரத் துணியை மடித்துக் குழந்தையின் இடுப்பில் குத்தி நிறுத்த அந்த ஊக்குதான் பல தலைமுறைகளுக்கு உதவியது. துணி நின்றது, துவைப்பது நிற்கவில்லை. நோய்க்குக் காரணம் கிருமிகள் என்று தெரிந்த பிறகு வேலை கூடியது. வெறுமனே அலசினால் போதாது, கொதிக்க வைக்க வேண்டும் என்றானது. வசதியானவர்கள் சலவைக்காரிக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டு அடுப்பில் அண்டா ஏற்றினார்கள்.

1930களிலும் 40களிலும் அமெரிக்க நகரங்களில் டயப்பர் சேவை நிறுவனங்கள் வளர்ந்தன. அழுக்குத் துணியை வண்டியில் வந்து வாங்கிப் போவார்கள்; சுத்தமான துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போர்க்காலத்தில் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனபோது அந்த வண்டிகளுக்குத் தேவை கூடியது. இங்கே ராச்சோறுக்கு நடந்த வேலை அங்கே ரசீது போட்டு நடந்தது. துவைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதை அந்த ரசீது ஒப்புக்கொண்டது.

போர் முடிந்ததும் இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள்.

இங்கிலாந்தில் வலேரி ஹன்டர் கார்டனுக்கு 1947-இல் மூன்றாவது குழந்தை. துணி துவைத்துச் சலித்துப்போயிருந்தார். கணவர் ராணுவ அதிகாரி. பழைய பாராசூட் நைலானை வெட்டி வெளி உறை தைத்தார். உள்ளே செல்லுலோஸ் பஞ்சு வைத்த பேட். பேடைத் தூக்கிப் போட்டுவிட்டு உறையை மட்டும் அலசலாம். பார்த்த தோழிகள் எல்லோரும் கேட்க, தையல் மெஷினில் 400-க்கும் மேல் தைத்துக் கொடுத்தார். 1949-இல் செஸ்டர்ஃபீல்டைச் சேர்ந்த ராபின்சன்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது. 'பேடி' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

அமெரிக்காவில் மேரியன் டோனவன் 1946-இல் குளியலறைத் திரையை வெட்டி, ஈரம் வெளியே கசியாத உறை ஒன்றைத் தைத்தார். ஊக்குக்குப் பதில் அழுத்து பட்டன். தயாரிப்பாளர்கள் யாரும் சீண்டவில்லை. 1949-இல் ஸாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் அவரே விற்பனைக்கு வைத்தார், பிய்த்துக்கொண்டு போனது. 1951-இல் காப்புரிமை வந்ததும் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்ததாக, தூக்கிப்போடும் காகித டயப்பர் என்ற யோசனையோடு அவர் போனபோது நிறுவனங்கள் மறுபடியும் கையை விரித்தன.

பத்து சென்ட், ஆறு சென்ட்

அந்த யோசனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் பிராக்டர் & கேம்பிள் நிறுவனத்தின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸ். பேரக்குழந்தையின் துணியை மாற்றி வெறுத்துப்போய், தன் குழுவிடம் இந்த வேலையைக் கொடுத்தார் என்பார்கள். 1957-இல் நிறுவனம் ஒரு காகித ஆலையை வாங்கியிருந்தது. காகிதத்துக்குப் புதிய பயனும் வேண்டியிருந்தது. முதல் வடிவத்தை டல்லாஸ் நகரின் கோடையில் சோதித்தார்கள். பிளாஸ்டிக் ஜட்டிக்குள் குழந்தைகளுக்கு வேர்க்குரு வந்தது. வடிவத்தை மாற்றி, கையால் செய்த 37,000 டயப்பர்களை ராச்செஸ்டரில் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோருக்குப் பிடித்தது.

1961 டிசம்பரில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் பேம்பர்ஸ் கடைக்கு வந்தது. ஒன்று பத்து சென்ட். விற்கவில்லை. பொருள் நன்றாகத்தான் இருந்தது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. இயந்திரங்களை வேகமாக்கி, உற்பத்தியைப் பெருக்கி ஆறு சென்ட்டுக்கு இறக்கிய பிறகுதான் சூடுபிடித்தது. என் கண்ணில் இந்த வரலாற்றின் முக்கியமான எண்கள் இவை. ஒரு துணியைத் துவைக்காமல் இருக்க அம்மாக்கள் பத்து சென்ட் கொடுக்கவில்லை, ஆறு சென்ட் கொடுத்தார்கள். அதுவரை வீட்டுக்குள் விலையில்லாமல் கிடந்த உழைப்புக்குச் சந்தை போட்ட விலை என்று அதைச் சொல்லலாம்.

1980களில் டயப்பருக்குள் ஜெல் வந்தது. சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற அந்தப் பொடி தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். டயப்பர் மெலிந்தது, ராத்திரி முழுக்கத் தாங்கியது. துணி தோற்றுப்போனது.

குப்பைக்கு அந்தப் பக்கம்

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சர்வரின் சுமையைக் குறைத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி, எந்த சர்வருக்குத் தள்ளினாய் என்பதுதான். டயப்பரிடமும் அதையே கேட்கலாம்.

வீட்டில் துவைக்கும் வேலை போய்விட்டது. ஆனால் மலம் அப்படியேதான் இருக்கிறது, பிளாஸ்டிக்கில் சுருட்டி, கறுப்பு கவரில் கட்டி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்றன. அதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. நடப்பதை எந்தத் தெருவிலும் காலையில் பார்க்கலாம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் அந்தக் கவர் பிரிகிறது. மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் போட்ட நாடு இது. அன்று மூட்டை சுமந்தவளும் இன்று கவர் பிரிப்பவரும் சாதி ஏணியில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியென்றால் துணிதான் புனிதமா? அதுவும் இல்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்குத் தூக்கிப்போடும் டயப்பரின் கரியமில வாயுக் கணக்கு சுமார் 550 கிலோ. துணியின் கணக்கு 570 கிலோ. கிட்டத்தட்ட சமம். ஆனால் மெஷினை முழுசாக நிரப்பி, கொடியில் உலர்த்தி, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் 200 கிலோ குறைகிறது. சுடுநீரும் டிரையரும் என்று போனால் கணக்கு தலைகீழாகிவிடும். துணி நல்லதா கெட்டதா என்பது துணியில் இல்லை, துவைக்கும் விதத்தில் இருக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது நமக்குச் சாதகம், ஐப்பசி கார்த்திகை மழையைத் தவிர.

எங்கிருந்து தொடங்குவது

குறைந்த செலவில் தொடங்க நினைப்பவர்களுக்கு வரலாறே வழி காட்டுகிறது. நான்கு முழ வேட்டி ஒன்றை வெட்டினால் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக ஆறு துண்டு வரும். நான்கு பழைய வேட்டியில் 24. பிறந்த குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு நாள் ஓடும். பல அடுக்காகத் தைத்த டயப்பர்கள் காய நேரமாகும்; ஒற்றைத் துணியை மடித்துக் கட்டினால் மழையிலும் சமாளிக்கலாம். வெளியே போகும்போது, டோனவனின் உறைக்குப் பேத்தி முறையாகும் வாட்டர்ப்ரூஃப் கவர் நான்கைந்து போதும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு. கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கிகள் வேண்டாம். இழையில் படிந்து ஈரத்தைத் தள்ளும், புதுத்துணியின் மெழுகு மாதிரியே. ராத்திரிக்கு மட்டும் கடை டயப்பர் போடுகிறீர்களா, போடுங்கள். அதைத் தனியாகச் சுற்றி, மேலே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான கணக்கு வேறு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி. அலசி, துவைத்து, உலர்த்தி, மடிக்க எப்படியும் ஒரு மணி நேரம். "சிக்கனமா துணியே கட்டலாம்" என்று அப்பாக்களும் மாமியார்களும் சொல்லிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தைப் பச்சை உடம்புக்காரியிடமோ வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமோ கூடுதல் கூலி பேசாமல் தள்ளினால், மிச்சமாகும் 54,000 ரூபாய் அவர்கள் கையிலிருந்து எடுத்தது என்றுதான் அர்த்தம்.

அதனால் வேட்டியைக் கிழிப்பதற்கு முன்னாடி ஒரு பேச்சு பேசிடுங்க. திங்கள், புதன், வெள்ளி யார் துவைக்கிறது, மிச்ச நாள் யார் துவைக்கிறது. அம்மாக்கள் சொல்லும் அந்த வசனத்தை இனி அப்பாக்களும் உரிமையோடு சொல்லட்டும்.