ஓரிகன் நெடுவழியும் வயீலட்பு மிஷனும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில், மிசூரி ஆற்றை அடுத்த இண்டிபென்டன்ஸ் என்னும் ஊரில் தொடங்கி, மேற்கே ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் முடியும் பழைய வண்டிப்பாதை ஒன்று உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ 2,000 மைல். 1840-களிலிருந்து 1860-கள் முடிய மேற்றிசைப் பாதைகளில் சென்ற குடியேறிகள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர் எனக் கணக்கிடுவர். அவர்களுட் பலர் இடைவழியில் கலிபோர்னியாவுக்குப் பிரிந்து சென்றனரெனினும், பாதி வழிவரை அனைவருக்கும் பாதை ஒன்றே. 1869-இல் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை முடிவுற்றபின் மாட்டுவண்டிகள் ஓய்ந்தன. இக்காலத்து மோட்டார் நெடுஞ்சாலைகள் பல இடங்களில் அப்பாதையை ஒட்டியே ஓடுகின்றன. 1978-இல் அந்நாட்டு அரசு இதனைத் தேசிய வரலாற்று வழியென அறிவித்தது.

இறையியல் பயிலும் நமக்கு இவ்வழியில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் நம் முன்னோர்க்கு நற்செய்தி கொண்டுவந்த அதே மிஷன் சங்கத்தார் இப்பாதையோரத்திலும் ஒரு நிலையம் அமைத்தனர். அந்நிலையம் பதினோராண்டில் அழிந்தது. அதன் கதையை நாம் மாணவர்க்கு ஒரே வரியில், இரத்தசாட்சியரின் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பல ஆண்டுகள் நாமும் அவ்வாறே கற்பித்தோம். அவ்வரி போதாது என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் வழியைச் சிறிது நடந்து பார்ப்போம். மிசூரியை விட்டு, பிளாட் ஆற்றங்கரையோடு மேற்கே செல்லும் பயணிக்குப் புலப்படும் அடையாளம் நெப்ராஸ்காவிலுள்ள புகைபோக்கிப் பாறை. சமவெளியினின்று தனித்தெழும் அக்கூரிய தூண், மாட்டுவண்டியில் வந்தோர்க்குப் பல நாட்கள் கண்முன்னே நின்று, நெருங்காதது போலவே தோன்றியதாம். அதற்கப்பால் வயோமிங்கில் லாரமி கோட்டை. 1834-இல் தோல் வணிகர் அமைத்த அக்கோட்டையை 1849-இல் படைத்துறை விலைக்கு வாங்கியது. பூர்வகுடிகளோடு 1851-லும் 1868-லும் உடன்படிக்கைகள் அக்கோட்டையின் பெயரால் செய்யப்பட்டன. அவை காக்கப்படவில்லை என்பதை நாடறியும். கோட்டைக்குச் சற்று மேற்கே, கெர்ன்சி என்னும் ஊரருகே மணற்பாறையில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்கள் ஐந்தடி ஆழம்வரை இறங்கியுள்ளன. இவ்வழியில் மனித உழைப்பின் அளவைக் காட்ட இதனினும் சிறந்த சான்று வேறில்லை. இன்னும் மேற்கே இண்டிபென்டன்ஸ் பாறை. ஜூலை நான்காம் நாளுக்குள் அங்கே சேர்ந்தால்தான் பனிக்குமுன் மலைகளைக் கடக்கலாம் என்பது குடியேறிகளின் கணக்கு. சேர்ந்தோர் தம் பெயர்களைக் கருங்கல்லிற் பொறித்தனர். இயேசு சபைக் குருவான டி ஸ்மெட் அதனைப் பாலைவனத்தின் பதிவேடு என்று அழைத்தார்.

இவையெல்லாம் இன்று காணக் கிடைப்பதற்கு எஸ்ரா மீக்கர் என்னும் முதியவர்க்கும் நாம் கடப்பாடுடையோம். 1852-இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இவ்வழியே மேற்கு சென்ற அவர், வழித்தடம் உழவிலும் மறதியிலும் அழிவதைக் கண்டு, 1906-இல் தமது 75-ஆம் வயதில் எருதுகள் பூட்டிய வண்டியிலே கிழக்கு நோக்கித் திரும்பி வந்து, ஊர்தோறும் நினைவுக்கல் நாட்டச் செய்தார்.

அவர் கல் நாட்டிய இடங்களுள் ஒன்று தெற்குக் கணவாய். ஏறக்குறைய 7,400 அடி உயரமுள்ள அக்கணவாய், மலைவாயில் என்று சொல்லத் தகாத அளவு அகன்ற வெளி. எங்கே ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கிற்று என்பதே தெரியாது. 1836 ஜூலை 4-ஆம் நாள் நார்சிஸா விட்மன், எலிசா ஸ்பால்டிங் என்னும் இரு மிஷனெரி மனைவியர் அதனைக் கடந்தனர். ராக்கி மலைத்தொடரை அவ்வழியே கடந்த முதல் வெள்ளைப் பெண்கள் அவர்கள். பெண்கள் கடக்கலாமெனில் குடும்பங்களும் கடக்கலாம் என்ற எண்ணம் கிழக்கே பரவிற்று. நற்செய்திப் பயணமாகத் தொடங்கியது குடியேற்றத்துக்கு முன்மாதிரியாயிற்று.

அவர்களை அனுப்பியது 1810-இல் தோன்றிய அமெரிக்கன் போர்டு. 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் பணி தொடங்கிய அதே சங்கம்தான். மேற்கே ஆளனுப்ப அதனைத் தூண்டியது ஒரு வியத்தகு நிகழ்ச்சி. 1831-இல் ராக்கி மலைகளுக்கப்பாலிருந்து நெஸ் பெர்ஸ் முதலிய குடிகளைச் சேர்ந்த நால்வர் செயிண்ட் லூயிஸ் நகருக்கு வந்தனர். வெள்ளையரின் சமயத்தைப் பற்றி அறிய வந்தனர் என்று 1833-இல் மெதடிஸ்ட் திருச்சபையின் இதழொன்று வெளியிட்ட செய்தி திருச்சபைகளை உலுக்கியது. வந்தவருள் இருவர் அந்நகரிலேயே நோயுற்று இறந்தனர். அவர்கள் உண்மையில் கேட்டது என்ன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்று தெளிவு. குடியேறிகளின் வண்டிகள் மேற்கே உருளுமுன், கேள்வியோடு கிழக்கே நடந்தவர்கள் அந்நிலத்தின் மக்களே. (முன்னாட்களில் அவர்களைச் ‘செவ்விந்தியர்’ என்று எழுதினோம். அப்பெயர் கொலம்பஸ் திசை தவறியதன் எச்சம், விட்டொழிப்பது நன்று.)

டாக்டர் மார்க்கஸ் விட்மனும் நார்சிஸாவும், இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் வாலா வாலா ஆற்றருகே கயூஸ் மக்களிடையே வயீலட்பு என்னுமிடத்தில் நிலையம் அமைத்தனர். ஸ்பால்டிங் தம்பதியர் நெஸ் பெர்ஸ் மக்களிடையே லாப்வாயில் தங்கினர். 1839-இல் ஹவாய்த் தீவு மிஷனிலிருந்து லாப்வாய்க்கு ஓர் அச்சு இயந்திரம் வந்தது. நெஸ் பெர்ஸ் மொழியில் பாடநூல்களும் பின்னர் மத்தேயு நற்செய்தியும் அதில் அச்சாயின. வயீலட்புவிலோ பணி கடினமாயிருந்தது. கயூஸ் மக்கள் குதிரை வளர்ப்போர். கிழங்கு அகழவும் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் பருவந்தோறும் இடம் பெயர்வோர். அவர்களை ஏரோடு பிணைத்து ஓரிடத்தில் நிறுத்தினால்தான் கற்பிக்க முடியும் என்பது டாக்டரின் துணிபு. நிலத்துக்கு ஈடு எங்கே என்று அவர்கள் கேட்டனர். தக்க விடை கிடைக்கவில்லை. 1839-இல் நார்சிஸாவின் ஒரே மகள், இரண்டு வயதான ஆலிஸ், ஆற்றில் மூழ்கி இறந்தாள். அதன்பின் அவ்வம்மையாரின் கடிதங்களில் சோர்வு மிகுகிறது. மக்கள் தம் வீட்டினுள் வந்து போவதே அவருக்குப் பாரமாயிற்று. அவரைக் குறை கூறுவது எளிது. அத்தனிமையில் நாம் இருந்து பார்த்ததில்லை.

மிஷனெரிகளிடையே பூசலும் மிகுந்தது. 1842-இல் வயீலட்பு, லாப்வாய் நிலையங்களை மூடும்படி பாஸ்டனிலிருந்து உத்தரவு வந்தது. அதனை மாற்றுவிக்கும் பொருட்டு டாக்டர் விட்மன் அக்டோபரில் குதிரையேறி, குளிர்காலம் முழுதும் பயணம் செய்து, 1843 மார்ச்சில் பாஸ்டனை அடைந்தார். சங்கம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. திரும்புகையில் அவர் தனியே வரவில்லை. ஏறக்குறைய 1,000 பேர் கொண்ட குடியேறிகளின் பெருங்கூட்டத்தோடு வந்தார். வழியில் அவர்களுக்கு மருத்துவராகவும் வழிகாட்டியாகவும் இருந்தார். நீல மலைகளினூடே அக்கூட்டத்தின் வண்டிகளுக்கு வழி காட்டியவர் ஸ்டிக்கஸ் என்னும் கயூஸ் கிறிஸ்தவ அன்பர். தம் மக்களின் நிலத்துக்குள் அவ்வழியே எவ்வளவு பேர் வருவர் என்பதை அவர் எண்ணியிருக்க முடியாது.

அதுமுதல் வயீலட்பு வழிப்போக்கரின் தங்குமிடமாயிற்று. பெரும்பாதை அடுத்த ஆண்டே சற்று விலகிச் சென்றபோதிலும் நோயாளிகளும் வறியோரும் மிஷனையே நாடினர். 1844-இல் பெற்றோரை வழியிற் பறிகொடுத்த சேஜர் குடும்பத்துப் பிள்ளைகள் எழுவரை விட்மன் தம்பதியர் ஏற்று வளர்த்தனர். இவ்வன்பை எவர் பழிப்பார்? ஆனால் அதே ஆண்டு டாக்டர் எழுதிய கடிதமொன்று, இந்நாட்டில் வெள்ளையர் குடியேறத் துணை நிற்பதே தமது தலையாய பணியாகும் எனத் தாம் கருதுவதாகக் கூறுகிறது. கயூஸ் மக்களுக்கென அனுப்பப்பட்டவர் சொல்லும் சொல் இது. அதை முதன்முறை வாசித்தபோது நாம் நெடுநேரம் ஏட்டை மூடி வைத்திருந்தோம்.

1847-இல் தட்டம்மை பரவியது. அந்நோயை முன்னறியாத கயூஸ் மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். டாக்டர் இரவும் பகலும் மருந்து கொடுத்தார். வெள்ளைப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிழைத்தனர்; கயூஸ் பிள்ளைகள் இறந்தனர். நோயாளி இறப்பின் வைத்தியன் உயிரால் ஈடு செய்ய வேண்டும் என்பது அம்மக்களின் பழைய முறை. முன்பு ஓநாய்களுக்கு நஞ்சிட்ட இறைச்சி வைத்த நினைவும் சேர்ந்துகொள்ள, டாக்டர் நஞ்சிடுகிறார் என்ற பேச்சு பரவிற்று. நவம்பர் 29-ஆம் நாளிலும் அதையடுத்த நாட்களிலும் விட்மன், நார்சிஸா, சேஜர் சிறுவர் இருவர் உட்பட பதின்மூவர் கொல்லப்பட்டனர். சிறைப்பட்ட ஏறக்குறைய ஐம்பது பேரை ஹட்சன் குடா வணிகக் குழுமத்தின் பீட்டர் ஸ்கீன் ஆக்டன் போர்வைகளும் துப்பாக்கிகளும் கொடுத்து மீட்டார். போர் மூண்டது. 1850 ஜூன் 3-இல் கயூஸ் ஆடவர் ஐவர் ஓரிகன் சிற்றியில் தூக்கிலிடப்பட்டனர். தூக்குமேடைக்குச் செல்லுமுன் அவர்கள் ஞானஸ்நானம் பெற்றது கத்தோலிக்க குருக்களிடம், நம் சபையாரிடமன்று. அவர்களுள் தலைவரான டிலோகைக்ட், கிறிஸ்து தம் மக்களுக்காக மரித்தார் என மிஷனெரிகள் கற்பித்தபடியே தாங்களும் தங்கள் மக்களுக்காக மரிப்பதாகச் சொன்னார் என்று வழங்கும் செய்தி ஒன்றுண்டு. அது உண்மையாயின், வயீலட்புவின் போதனை முற்றும் வீணானதென்று எவ்வாறு சொல்வது?

பின்னர் எழுந்தது புனைகதை. விட்மன் குளிர்காலப் பயணம் மேற்கொண்டது மிஷனுக்காகவன்று. மீன்பிடி உரிமைக்கு ஈடாக ஓரிகனைப் பிரிட்டனுக்கு விட்டுவிட இருந்த அரசைத் தடுத்து நாட்டைக் காக்கவே என்று ஸ்பால்டிங்கும் பிறரும் 1860-களில் எழுதினர். மிஷன் பக்தியும் தேசபக்தியும் ஒன்றாய்ப் பிணைந்த அக்கதை பள்ளிப் பாடநூல்களில் ஏறியது. 1900-இல் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட்வர்டு கேலார்டு போர்ன், அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் முன் ஆவணங்களை வைத்து அதனைத் தகர்த்தார். இருந்தும் 1953-இல் வாஷிங்டன் மாநிலம் விட்மனின் சிலையை நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுவியது.

இங்கே நம் நாட்டை எண்ணாதிருக்க முடியவில்லை. விட்மன் மாண்ட அதே 1847-ஆம் ஆண்டில் அதே போர்டு அனுப்பிய டாக்டர் சாமுவேல் கிரீன் யாழ்ப்பாணம் சேர்ந்தார். மானிப்பாயில் தமிழர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஒரு மருத்துவர் அழிந்தார், மற்றவர் விளங்கினார். நம் மண் நல்ல நிலம், அவர்களுடையது கற்பாறை என்று விதைக்கிறவன் உவமையைக் கொண்டு விளக்கம் கூறியோர் உண்டு. அதனை நாம் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷனெரியின் பின்னே அவருடைய நாட்டவர் ஏரும் துப்பாக்கியுமாக வரவில்லை. வர இயலவுமில்லை, அங்கிருந்த பிரிட்டிஷ் அரசு அமெரிக்கர்மேல் ஐயங்கொண்டு, 1820 முதல் 1833 வரை புதிய ஊழியரையே தடுத்தது. அத்தடையை நம் பழைய சபை வரலாறுகள் இடையூறென்றே எழுதுகின்றன. சொந்த நாட்டின் துணையின்றி, வட்டுக்கோட்டையில் தமிழ் கற்றுத் தமிழரோடு வாதிட்டு வாழவேண்டிய நிலை அதனால் அவர்களுக்கு ஏற்பட்டது. வயீலட்புவிலோ வாயிற்படி வரை நெடுவழி வந்து நின்றது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த நம் சபைகள் தம்மைக் குற்றமற்றவை என்று கருதிக்கொள்ள வேண்டியதில்லை. அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

லாப்வாயின் முடிவு வேறு. ஸ்பால்டிங் வெளியேறிய நெடும் ஆண்டுகளிலும், 1839-இல் ஞானஸ்நானம் பெற்ற தீமோத்தேயு போன்றோர் விசுவாசத்தைக் கைவிடவில்லை. 1871-இல் முதியவராகத் திரும்பிய ஸ்பால்டிங், நூற்றுக்கணக்கானோர்க்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு 1874-இல் அங்கேயே இறந்தார்.

வயீலட்பு இன்று தேசிய வரலாற்றுத் தலம். கட்டடங்கள் இல்லை, அவற்றின் அடித்தளங்கள் நின்ற கோடுகள் புல்தரையில் குறிக்கப்பட்டுள்ளன. இறந்தோரின் பொதுக் கல்லறையும், குன்றின்மேல் 1897-இல் எழுப்பிய நினைவுத்தூணும், கீழே பழைய வண்டித்தடமும் காணலாம். அங்கே செல்லும் பயணி அத்துடன் திரும்பிவிடலாகாது. தென்மேற்கே சுமார் 40 மைல் தொலைவில், பெண்டில்டன் அருகே, 1855 உடன்படிக்கையில் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்த கயூஸ், உமட்டில்லா, வாலா வாலா மக்கள் 1998-இல் திறந்த தமஸ்ட்லிக்ட் பண்பாட்டு நிலையம் உள்ளது. இதே வழியின் வரலாறு அங்கே மறுகரையிலிருந்து சொல்லப்படுகிறது. விட்மனின் சிலையை அகற்றி, பூர்வகுடிகளின் மீன்பிடி உரிமைக்காகப் போராடிய பில்லி ஃபிராங்க் என்பவரின் சிலையை அவ்விடத்தில் வைக்க வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் 2021-இல் தீர்மானித்தது.