பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும் முன்: ரேம் எவ்வளவு, வேகம் எவ்வளவு போதும்?

எஸ்.பி.எம். முடிவு வந்து, மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று பிள்ளைக்கு இடம் கிடைத்தவுடன் வீட்டில் எழும் பெரிய செலவுகளில் ஒன்று லேப்டாப். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கும், பட்டணத்தில் பாதுகாவலராகவோ தொழிற்சாலை ஊழியராகவோ இருப்பவருக்கும் ஒரு நல்ல லேப்டாப்பின் விலை ஒரு மாத உழைப்பை விழுங்கிவிடும்.

அப்படி வாங்கியது படிப்பு முடியும்வரை, அதாவது மூன்று நான்கு ஆண்டுகளாவது தாங்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே "ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா" என்று விடுதியிலிருந்து பிள்ளை போன் செய்தால், இன்னொன்று வாங்கப் பல குடும்பங்களில் வழி இருக்காது.

கடைக்குப் போனாலோ, "இது ஐ7 அங்கிள், 512 ஜி.பி., புது மாடல்" என்று விற்பனையாளர் அடுக்குவார். அதில் எது முக்கியம், எது விளம்பரம் என்று பிரிக்கத் தெரியாமல்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: பின்னால் மாற்ற முடியாத பாகத்திற்கு முதலில் பணம் கொடுக்க வேண்டும். பின்னால் சேர்க்கக் கூடியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'மெமரி' என்ற ஒரு சொல், இரண்டு பொருள்

கடைகளில் 'மெமரி' என்ற சொல்லை இரண்டு வெவ்வேறு பாகங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று ரேம். மற்றொன்று கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. "512 மெமரி" என்று கடைக்காரர் சொன்னால் அது எஸ்.எஸ்.டி.யின் அளவு. ரேம் 8 அல்லது 16 என்று தனியாக இருக்கும். கைத்தொலைபேசி விளம்பரங்களில் வரும் '8+256' என்பதிலும் முதல் எண் ரேம், அடுத்தது சேமிப்பு.

சமையலறையை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அடுக்கும் அலமாரி. ரேம் என்பது காய் நறுக்கும் மேடை. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேடை சிறியதாக இருந்தால் ஒரு பாத்திரத்தை எடுக்க இன்னொன்றை உள்ளே வைக்க வேண்டும். லேப்டாப்பிலும் அதுதான் நடக்கிறது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் சிலவற்றை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுகிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. அந்தப் போக்குவரத்தைத்தான் நாம் 'ஸ்லோ' என்கிறோம்.

அலமாரியிலும் தரம் உண்டு. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் மிக மெதுவானது. மிக மலிவான லேப்டாப்களில் வரும் 'இ.எம்.எம்.சி.' என்ற வகை, எஸ்.எஸ்.டி. போலத் தோன்றினாலும் வேகம் குறைவு. பெரும்பாலும் 64 அல்லது 128 ஜி.பி.தான் இருக்கும். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் 64 ஜி.பி.யின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆகவே 'என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.' என்று உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். 256 ஜி.பி. இருந்தால் சமாளிக்கலாம், 512 இருந்தால் நிம்மதி.

ரேம்: 8 போதுமா, 16 வேண்டுமா?

விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும் என்கிறது மைக்ரோசாப்ட். அது லேப்டாப் திறந்து நிற்கும் அளவுக்குத்தான். வேலை செய்ய அது போதாது. எதையும் திறக்காத நிலையிலேயே விண்டோஸ் 3 முதல் 4 ஜி.பி. வரை எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப்பில் திரைக்காகவும் ரேமிலிருந்தே ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் 8 ஜி.பி. என்று வாங்கிய லேப்டாப்பில் பயன்படுத்தக் கூடியது 8-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது.

மீதி உள்ள இடத்தில் பத்துப் பதினைந்து பக்கங்கள் திறந்த குரோம், ஒரு வேர்ட் கோப்பு, ஒரு கூகுள் மீட் வகுப்பு மூன்றும் ஒன்றாக ஓடினால் 8 ஜி.பி. ஏறக்குறைய நிரம்பிவிடும்.

எனவே இன்றைய நிலையில் 4 ஜி.பி. வேண்டவே வேண்டாம். 8 ஜி.பி. என்பது தொடக்கம். நான்கு ஆண்டு ஓட வேண்டிய லேப்டாப்புக்கு 16 ஜி.பி.தான் பாதுகாப்பான அளவு. தயாரிப்பாளர்களும் அந்தப் பக்கமே நகர்ந்துள்ளனர். ஆப்பிள் 2024 அக்டோபரில் மெக்புக் ஏர் லேப்டாப்பின் ஆரம்ப ரேமை 8-இலிருந்து 16 ஜி.பி.க்கு உயர்த்தியது. மைக்ரோசாப்ட்டின் 'கோபைலட் பிளஸ்' முத்திரை பெறவும் 16 ஜி.பி. கட்டாயம். 32 ஜி.பி. என்பது காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு போன்ற கனமான வேலை செய்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அதற்குப் பணம் போடத் தேவையில்லை.

ஒட்டிய ரேமா, கழற்றும் ரேமா?

"இப்போது 8 வாங்குங்கள், பிறகு 16 ஆக்கிக்கொள்ளலாம்" என்ற ஆலோசனை எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. மெலிதான பல லேப்டாப்களில் ரேம், தாய்ப்பலகையிலேயே ஒட்டப்பட்டு வருகிறது. அதைக் கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. மெக்புக் அனைத்தும் இப்படித்தான். விண்டோஸ் லேப்டாப்களில், விவரத் தாளில் ரேமின் வகை 'எல்.பி.டி.டி.ஆர்.5' என 'எல்.பி.'யில் தொடங்கினால் அது பெரும்பாலும் ஒட்டியது. வெறும் 'டி.டி.ஆர்.4' அல்லது 'டி.டி.ஆர்.5' என்று இருந்தால் கழற்றும் வகையாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே "எத்தனை ஜி.பி.?" என்பதோடு "கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். ஸ்லாட் காலியாக இருந்தால் 8 ஜி.பி.யில் தொடங்கலாம். ரேம் ஒட்டியது, ஸ்லாட்டும் இல்லை என்றால், கல்லூரிப் பிள்ளைக்கு 16 ஜி.பி.க்குக் குறைந்து வாங்கக் கூடாது.

பிறகு சேர்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். டி.டி.ஆர்.4 பலகையில் டி.டி.ஆர்.5 பொருந்தாது. பின்மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஏ.ஐ. தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியதால், 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை உலகமெங்கும் ஏறியிருக்கிறது. "பிறகு மலிவாகப் போடலாம்" என்று நம்பி இருக்காமல், அன்றைய விலையைக் கேட்டு இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

புராசசர்: ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம்

ரேமையாவது சில லேப்டாப்களில் கூட்டலாம். புராசசரைப் பிறகு மாற்றவே முடியாது. ஆனால் 'ஐ5', 'ஐ7' என்ற ஸ்டிக்கர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மீதி உண்மை அதற்குப் பின்னால் வரும் எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறது.

இன்டெல் 'ஐ7-1255யூ' என்பதில் 10 கோர்கள் உள்ளன. அவற்றில் வேகமான பெரிய கோர் 2 மட்டுமே. அதே தலைமுறையின் 'ஐ5-12500எச்' 12 கோர் கொண்டது, அதில் பெரிய கோர் 4. கனமான வேலையில் அந்த ஐ5 முந்திவிடும். கடைசியில் 'யூ' என்று இருந்தால் மின்சாரம் குறைவாக எடுக்கும், அடிப்படை அளவு சுமார் 15 வாட். சூடு குறைவு, பேட்டரி நீடிக்கும். 'எச்' என்பது 45 வாட் வகை. வேகம் அதிகம், ஆனால் சார்ஜரைக் கூடவே சுமக்க வேண்டியிருக்கும். விரிவுரை மண்டபத்திலும் பேருந்திலும் பயன்படுத்தும் பிள்ளைக்கு 'யூ' பொருத்தம். மேசையில் வைத்து வடிவமைப்பு வேலை செய்பவருக்கு 'எச்' பொருத்தம்.

இன்டெல் 'என்100' போன்ற 'என்' வரிசையில் சிறிய கோர்கள் மட்டுமே உள்ளன. ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் பாடத்துக்கும், பாரம் நிரப்புவதற்கும் போதும். பட்டப்படிப்பை இதில் ஓட்ட நினைக்கக் கூடாது. 'கோர் ஐ3-என்305' என்பதும் பெயரில் ஐ3 இருந்தாலும் இதே குடும்பம்தான்.

ஏ.எம்.டி. ரைசனிலும் இப்படி ஒரு பொறி உண்டு. 'ரைசன் 5 7520யூ', 'ரைசன் 5 7530யூ' இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் முதலாவது 2019-இல் அறிமுகமான 'ஜென் 2' வடிவமைப்பில் அமைந்தது, 4 கோர். இரண்டாவது 'ஜென் 3', 6 கோர். மேலும் 7520யூ உள்ள லேப்டாப்களில் ரேம் ஒட்டியே வரும். இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது: 2 என்றால் பழையது, 4 என்றால் புதியது.

எந்தப் படிப்புக்கு எது?

வணிகம், கணக்கியல், சட்டம், தாதிமை, ஆசிரியர் பயிற்சி: 'யூ' வகை ஐ3, ஐ5 அல்லது ரைசன் 5 போதும். ஸ்லாட் இருந்தால் 8 ஜி.பி., இல்லையென்றால் 16.

கணினித் துறை: 16 ஜி.பி. அவசியம். கைத்தொலைபேசிச் செயலி எழுதும் 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ'வை எமுலேட்டருடன் ஓட்ட, கூகுள் சொல்லும் குறைந்தபட்ச அளவே அதுதான்.

பொறியியல், கட்டடக்கலை: ஆட்டோகேட்டுக்குக் குறைந்தது 8 ஜி.பி. வேண்டும். சாலிட்வொர்க்ஸ் 16 அல்லது அதற்கு மேல் கேட்கிறது. 'எச்' வகை புராசசரும் தனி கிராபிக்ஸ் அட்டையும் உதவும். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது. எனவே இத்துறைப் பிள்ளைகள் மெக்புக் வாங்கும் முன் கல்லூரியில் விசாரிக்க வேண்டும்.

மல்டிமீடியா, காணொளித் தொகுப்பு: 16 ஜி.பி. தொடக்கம், முடிந்தால் 32. தனி கிராபிக்ஸ் அட்டை தேவை.

சில கல்லூரிகள் தேவையான அளவைச் சேர்க்கைக் கடிதத்தோடு தருகின்றன. அது கைக்கு வரும் முன் அவசரப்பட்டு வாங்காமல் இருப்பது நல்லது.

பழைய லேப்டாப் வாங்குவோர் கவனத்திற்கு

பணம் குறைவாக இருந்தால், மிக மலிவான புதிய லேப்டாப்பைவிட, அலுவலகங்கள் பயன்படுத்தி விற்ற தரமான பழைய லேப்டாப் பல வேளைகளில் மேல். அவற்றில் பலவற்றில் ரேம் கழற்றும் வகையாகவும் இருக்கும். ஆனால் ஓர் எல்லைக்கோடு உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். கோட்டுக்குப் பின் வரும் எண் இதைச் சொல்லிவிடும்: 'ஐ5-6300யூ' 6-ஆம் தலைமுறை, வேண்டாம். 'ஐ5-8350யூ' 8-ஆம் தலைமுறை, வாங்கலாம். பழைய ஐ7 மலிவாகக் கிடைக்கிறதென்று 6, 7-ஆம் தலைமுறைக்குப் போனால் பாதுகாப்பு அப்டேட் கிடைப்பது சிக்கலாகும்.

கடையிலேயே இரண்டு நிமிடச் சோதனை

பணம் கட்டும் முன் லேப்டாப்பைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்பார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைத் தட்டினால் ரேம் அளவும், எத்தனை ஸ்லாட் நிரம்பியுள்ளது என்பதும் தெரியும். 'பார்ம் பேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது ஒட்டிய ரேம். அருகில் உள்ள 'சி.பி.யூ.' பகுதி புராசசரின் முழுப் பெயரைக் காட்டும்.

வீட்டில் ஏற்கனவே ஒரு கணினி இருந்தால், வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்து வைத்து இதே பக்கத்தைப் பார்க்கலாம். 8 ஜி.பி.யில் எப்போதும் 7-க்கு மேல் நிரம்பியிருந்தால் அடுத்தது 16 ஆக இருக்க வேண்டும். 5-இல் நின்றால் இப்போதைக்கு 8 போதும்.

ரசீதும் தவணையும்

"மாதம் 99 ரிங்கிட்தான்" என்ற தவணைத் திட்டத்தில் மொத்தத் தொகையைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 36 மாதம் என்றால் 3,564 ரிங்கிட். ரொக்க விலை அதைவிட எவ்வளவு குறைவு என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும்.

ரசீதில் மாடல் எண், புராசசரின் முழுப் பெயர், ரேம் அளவு மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்குப் புகார் செய்யலாம். அங்கே பேசுவது அந்த ரசீதுதான். வருமான வரி செலுத்தும் பெற்றோர் அல்லது அண்ணன், அக்காள் தங்கள் பெயரில் ரசீது எடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரி விலக்கில் கணினியும் அடங்கும். ஆனால் அது தனக்கு, துணைவருக்கு, பிள்ளைக்கு வாங்கியதற்கே பொருந்தும். தம்பிக்கு வாங்கியதற்குப் பொருந்தாது.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டால் போதும்: பிள்ளையின் படிப்பு, அதற்கான ரேம், ஸ்லாட் உண்டா இல்லையா, வேண்டாத புராசசர்களின் பெயர். அந்தத் தாளை விற்பனையாளரிடம் காட்டி, "இதற்குள் எது இருக்கிறது?" என்று கேட்கலாம்.