ஈபே ஏலத்தளமும் பின்னூட்ட முறையும் (1996–2008)

முகமறியா இருவரிடையே பொருளும் பணமும் கைமாறும்போது முதலில் கொடுப்பவர் யார் என்னும் வினா எழுகிறது. 1995 செப்டம்பரில் பியர் ஒமித்யார் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆக்சன்வெப் என்னும் ஏலத்தளம் (பின்னாளைய ஈபே) இவ்வினாவை விரைவிலேயே எதிர்கொண்டது. தளம் பொருளைக் கண்ணாலும் கண்டதில்லை. ஏலம் எடுத்தவர் காசோலையை அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். முறையீடுகள் பெருகின. அவற்றுக்குத் தாமே நடுவராக இருக்க விரும்பாத ஒமித்யார், 1996 பிப்ரவரியில் பின்னூட்ட மன்றத்தை ஏற்படுத்தினார். விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பொதுவெளியில் மதிப்பிட்டனர். நல்மதிப்புக்கு ஒரு புள்ளி கூடும். குறைமதிப்புக்கு ஒன்று குறையும். கூட்டுத்தொகை அவரவர் பெயரருகே நிற்கும்.

இப்புள்ளிகளுக்குப் பணமதிப்பும் இருந்தது. பால் ரெஸ்னிக் குழுவினர் பழைய அஞ்சலட்டைகளைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட களச்சோதனையில், ஒரே விற்பனையாளர் ஒத்த அட்டைகளைத் தம் பழம்பெயரிலும் புதுப்பெயர்களிலும் விற்றார். பழம்பெயருக்கு வாங்குவோர் சுமார் 8.1% கூடுதலாகத் தர முன்வந்தனர்.

எனினும் புள்ளிகள் உண்மையை முழுமையாகக் காட்டின எனக் கூறவியலாது. ரெஸ்னிக்கும் ரிச்சர்ட் செக்கௌசரும் 1999ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, வாங்கியவர்கள் ஏறத்தாழ பாதி விற்பனைகளுக்கே கருத்துரைத்திருந்தனர், அவற்றுள் 99.1% பாராட்டு. இத்தனை நேர்மை எந்தச் சந்தையிலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. குறைகூறினால் எதிர்த்தரப்பும் குறைகூறும் என்னும் அச்சம் பலரை வாய்மூடச் செய்தது. மொய் எழுதுவதுபோலப் பாராட்டு பாராட்டாகத் திரும்பி வந்தது. மனக்குறையுடையோர் எழுதாமலே விலகினர். ஆகவே எழுதப்பட்டவற்றைவிட எழுதப்படாதவையே மிகுதியும் உணர்த்தின எனலாம்.

2007இல் ஈபே, எழுதியவர் யாரெனத் தெரியாத விரிவான விண்மீன் மதிப்பீட்டைச் சேர்த்தது. 2008 மே மாதம் முதல், வாங்குபவருக்கு விற்பவர் குறைமதிப்பு அளிப்பதையே தடைசெய்தது. கட்டண மாற்றங்களோடு சேர்த்து இம்முடிவு அறிவிக்கப்பட்டதும், விற்பனையாளர் பலர் அவ்வாண்டு பிப்ரவரியில் புறக்கணிப்பில் இறங்கினர். அவர்களது மனக்குறை பொருளற்றதன்று. ஏலம் கேட்டுவிட்டுப் பணம் செலுத்தாதவரைக் குறித்துச் சக வணிகரை எச்சரிக்க அவர்களுக்கு இருந்த பொதுவெளி அத்துடன் மூடப்பட்டது. அத்தகைய முறையீடுகளை இனி நிறுவனத்திடமே கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. ஒமித்யார் 1996இல் ஏற்க மறுத்த நடுவர் பொறுப்பு ஈபேயிடமே திரும்பி வந்தது.