சிங்களத் திரையின் முதற்குரல்: ராசம்மா என்ற ருக்மணி தேவி

இந்தப் பெயரை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்: டெய்சி ராசம்மா டேனியல்ஸ். பெரும்பாலும் யாரென்று கேட்பார்கள். ருக்மணி தேவி என்று சொன்னால் முகம் மலரும். இருவரும் ஒருவர்தான். சிங்கள மக்கள் தங்கள் குயில் என்று கொண்டாடிய பாடகி, தமிழ்ப் பெயரோடு பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்.

1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் றம்பொடையில், கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கம் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் சமூகம் அது. அவர் படித்தது வெள்ளவத்தையில், புனித கிளாரா பாடசாலையில். இன்று அந்த வீதியால் நம் பிள்ளைகள் டியூஷனுக்குப் போய் வருகிறார்கள். இப்படி ஒருவர் இங்கே படித்தார் என்று நாம் அவர்களுக்குச் சொன்னதில்லை.

சிறு வயதிலேயே மேடை ஏறியவர். 1939இல், பதினாறு வயதில், எச்.டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து எச்.எம்.வி. இசைத்தட்டில் பாடினார். அந்தப் பாடலின் பொருள் புத்தகயா. பாடியவர் கிறிஸ்தவச் சிறுமி, வாங்கிக் கேட்டவர்கள் பௌத்தக் குடும்பங்கள். பாடியவள் யார் என்று எவரும் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தக் காலப் பதிவு எப்படி நடந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் இடம். பாடகியும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் பிழை வந்தால் முதலிலிருந்து மீண்டும். இன்றுபோல ஒரு சொல்லை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. மேற்கத்தேய இசையில் பெண்ணின் மிக உயர்ந்த குரலைச் சொப்ரானோ என்பார்கள். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் பெண்கள் அந்த உயரத்தில்தான் பாட வேண்டியிருந்தது. ருக்மணியும் அந்த மேடைப் பள்ளியில் வந்தவர்தான்.

பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருடைய தம்பி எடி ஜயமான்னவை ருக்மணி மணந்தார். அந்தக் குழுவின் நாடகம்தான் முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' ஆனது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கியது மதுரையில். 1947 ஜனவரி 21இல் கொழும்பு மைலன் தியேட்டரில் திரையிட்டார்கள். கதாநாயகியும் பாடகியும் ருக்மணி.

அதே 1947இல் வெளிவந்த 'அசோகமாலா'வை நம் சமூகத்தவர் மறக்கக் கூடாது. இசை முஹம்மத் கௌஸ் மாஸ்டர். பின்னணிப் பாடகராக முஹிதீன் பேக் அறிமுகமானதும் அதில்தான். ஒவ்வொரு வெசாக்கிலும் ஊரெல்லாம் ஒலிக்கும் பௌத்த கீதங்களைப் பாடிய அதே பேக். ஆக சிங்களத் திரையிசையின் அத்திவாரத்தில் தமிழ்க் கையும் இருக்கிறது, முஸ்லிம் கையும் இருக்கிறது.

இதை 'இன ஒற்றுமை' என்று ஒரு வார்த்தையில் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நமக்கு அது போதாது. இந்தக் கலைஞர்களை யாரும் தூதுவர்களாக அனுப்பவில்லை. அவர்கள் தொழிலாளிகள். இன்னொரு மொழியின் ஒலியை, அம்மொழிக்காரரே குறை காணாத அளவுக்கு நாவில் ஏற்றிக்கொண்டவர்கள். அந்த உழைப்பைச் சொல்லாமல் ஒற்றுமையை மட்டும் பேசினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது.

ஐம்பதுகளில் நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்றாகியது. லதா வல்பொல போன்ற பின்னணிப் பாடகிகள் எழுந்தார்கள். ருக்மணி அதற்குப் பின்னும் ஒதுங்கவில்லை. நாடகப் பாட்டில் தொடங்கியவர் எழுபதுகளில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் கிற்றார் இசைக்கும் பாடினார். உரத்துப் பாடிப் பழகிய குரலை மைக்கின் முன் மென்மையாக்கிக் கொள்வது சின்ன வேலையல்ல.

ஆனால் புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. ஐம்பது வயது கடந்தும் ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகளுக்குப் போய்த்தான் வாழ வேண்டியிருந்தது. 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் பாடிவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஜா-எல துடெல்லயில் வாகன விபத்தில் உயிரிழந்தார். வயது 55. இறுதிச் சடங்குக்கு மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள்.

அதற்கு ஐந்து வருடம் கழித்து வந்தது 1983 ஜூலை. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அங்கு தமிழர் ஒருவரின் சொத்து என்று கொளுத்தப்பட்ட படச்சுருள்களில் இருந்தவை சிங்களப் படங்கள்! யாருடையதை யார் எரித்தார்கள்?

வரலாற்றுப் பாடத்தில் மன்னர்களும் குளங்களும் இருக்கின்றன. இருக்கட்டும். ராசம்மாவுக்கும் கௌஸ் மாஸ்டருக்கும் பேக்குக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்கிறோம். பாடநூல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒரு பாடலைப் போட்டுவிட்டு, "இவர் எந்த இனம்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். குரலை வைத்து ஒருவராலும் சொல்ல முடியாது.

இசைத்தட்டுகள், பழைய பாட்டுப் புத்தகங்கள், படங்கள் யாரிடமாவது இருந்தால் வீசிவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள்.